குனிய வேண்டியது குறுக்கு அல்ல, தொடைச்சந்து

களையெடுப்புக்கு முன்னால் கைப்பிடியை நீட்டுவோம், முதுகைக் காப்போம்

புரட்டாசி மழை இறங்கியதும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் காடுகளில் விதைப்பு தொடங்கிவிடும். பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசி, மல்லி என எதை விதைத்தாலும் இருபது நாளில் பயிரோடு சேர்ந்து களையும் எழுந்து நிற்கும். ஐப்பசியும் கார்த்திகையும் களையெடுப்பில் போகும். தை பிறந்தால் பருத்தி எடுப்பு. இதற்கிடையில் தண்ணீர்க் குடம், சாணிக் கூடை, உர மூட்டை, விறகுக் கட்டு. மானாவாரி விவசாயத்தில் குனியாமல் நடக்கிற வேலை மிகக் குறைவு.

"குறுக்கு ஒடியுது மதினி, கொஞ்சம் நிமிந்துக்கிறேன்" என்ற பேச்சு களையெடுக்கும் நிரையில் சாதாரணமாகக் காதில் விழும். வயதானால் வருவதுதானே என்று அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் நாற்பது வயதில் ஒரு பெண்ணால் குனிய முடியாமல் போனால், அந்தக் குடும்பத்தின் களைக்கூலி நின்றுவிடுகிறது. சொந்தக் காடு வைத்திருப்பவருக்கோ ஆள் கிடைக்காமல் களை முந்திக்கொள்கிறது. உலக அளவில் 2020ஆம் ஆண்டில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனிதரை முடக்கும் காரணங்களில் முதலிடம் இந்த வலிக்குத்தான்.

குறுக்கு எப்படி அசைகிறது, எந்த மூட்டு எதற்காக அமைந்தது என்று தெரிந்துகொண்டால் இந்த வலியில் ஒரு பகுதியைத் தவிர்க்க முடியும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

குறுக்கு வேறு, இடுப்பு மூட்டு வேறு

தமிழில் ‘இடுப்பு’ என்று ஒரே சொல்லால் இரண்டு இடங்களைக் குறிப்பிடுகிறோம். சேலைக் கொசுவம் செருகும் இடத்துக்கு நேர் பின்புறம் இருப்பது கீழ்முதுகு. தென்மாவட்டங்களில் இதைத்தான் ‘குறுக்கு’ என்கிறோம். இடுப்பு மூட்டு என்பது அதற்கும் கீழே, தொடை எலும்பின் தலை இடுப்பெலும்புக் குழியில் பொருந்தும் இடம். உட்காரும்போது தொடையும் அடிவயிறும் மடிந்து சேரும் தொடைச்சந்தில் கையை வைத்தால், அதற்கு நேர் உள்ளே அந்த மூட்டு இருக்கிறது.

பள்ளிப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கிற பந்துக்கிண்ண மூட்டு இதுதான். உடம்பிலேயே பலமான மூட்டுகளில் ஒன்று. முழங்காலை மடக்கினால் சுமார் 120 டிகிரி வரை முன்னால் மடங்கும். சுற்றிலும் தொடை, புட்டம் ஆகியவற்றின் பெரிய தசைகள் தாங்குகின்றன. குனிவதற்கென்றே அமைந்த மூட்டு என்று இதைச் சொல்லலாம். நாம் இதை விட்டுவிட்டுக் குறுக்கை வளைத்துக் குனிகிறோம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஐந்து அடுக்கு, பதினைந்து மூட்டு

குறுக்கில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஐந்தாவது எலும்பு, கீழே உள்ள முக்கோண வடிவத் திருவெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலும் மூன்று இணைப்புகள் உண்டு. முன்புறம் ஜவ்வு எனப்படும் டிஸ்க் ஒன்று, பின்புறம் இடமும் வலமுமாகச் சிறு மூட்டுகள் இரண்டு. ஆக, ஐந்து அடுக்குக்கும் சேர்த்துப் பதினைந்து.

ஜவ்வு என்பது பழைய டயரைப் போலப் பல அடுக்கு நாரால் ஆன வளையம். அதன் நடுவே நீர் நிறைந்த கூழ் போன்ற பகுதி இருக்கும். பாரத்தைத் தாங்குவது இதன் வேலை. வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் போவதில்லை. சத்தும் நீரும் சுற்றிலும் இருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும். அசைவு அதற்கு உதவுகிறது. அதனால் குறுக்குக்கு அசைவு தேவை. ஒரே நிலையில் மணிக்கணக்கில் நிற்பது அதற்கு ஆகாது.

பின்புறச் சிறு மூட்டுகள் ரயிலுக்குத் தண்டவாளம் போல. எந்தப் பக்கம் எவ்வளவு அசையலாம் என்று அவைதான் வரம்பு கட்டுகின்றன. குறுக்குப் பகுதியில் இவை ஏறத்தாழச் செங்குத்தாக அமைந்திருப்பதால் முன்னும் பின்னும் வளைய இடம் கொடுக்கும்; முறுக்க விடாது. குறுக்கு மொத்தமும் சேர்ந்து முன்பக்கம் சுமார் 50 டிகிரி வளையும். ஆனால் ஒரு பக்கமாகத் திரும்புவது 10 டிகிரியைத் தாண்டாது. நாம் உடம்பைத் திருப்புகிற போது பெரும்பகுதி திருப்பம் மேல்முதுகிலும் இடுப்பு மூட்டிலும்தான் நடக்கிறது. பாதத்தை ஊன்றிக்கொண்டே மண் சட்டியைப் பக்கவாட்டில் வீசும்போது, முறுக்க இடம் இல்லாத மூட்டை முறுக்குகிறோம்.

திருவெலும்பின் இரு பக்கமும் இடுப்பெலும்போடு சேரும் மூட்டு ஒவ்வொன்று இருக்கிறது. இவை சில டிகிரிக்கு மேல் அசையாது. மேல் உடம்பின் பாரத்தைக் கால்களுக்குக் கடத்துவதே இவற்றின் வேலை. கர்ப்ப காலத்தில் இவற்றைக் கட்டியுள்ள நார்கள் சற்றுத் தளர்வதால், அப்போதும் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களும் பெண்கள் பாரம் தூக்குவதைத் தவிர்ப்பது நல்லது.

குனியும்போது என்ன நடக்கிறது?

நின்ற நிலையில் இருந்து குனியும்போது முதலில் குறுக்கு வளைகிறது. பிறகு இடுப்பு மூட்டு மடிகிறது. முழங்காலை விறைப்பாக வைத்திருந்தால் தொடையின் பின்தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இடுப்பு மூட்டு பாதியிலேயே நின்றுவிடும். மிச்சத்தைக் குறுக்கு வளைந்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே இடுப்பு மூட்டு மேலும் மடியும்.

முழுக்கக் குனிந்து தொங்கும் நிலையில் முதுகுத் தசைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. மேல் உடம்பின் பாரம் நார்களிலும் ஜவ்விலும் தொங்குகிறது. களையெடுப்பவருக்கு முதலில் வலி தெரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நார்கள் மெல்ல மெல்ல நீள்கின்றன. நிமிர்ந்த உடனே அவை பழைய அளவுக்குத் திரும்பிவிடுவதில்லை. அந்த நேரத்தில் கூடையையோ மூட்டையையோ தூக்கினால்தான் ‘பிடித்துக்கொள்கிறது’. வெகுநேரம் குனிந்தவர் நிமிர்ந்ததும் இரண்டு நிமிடம் நடந்துவிட்டுத்தான் பாரத்தைத் தொட வேண்டும்.

பாரத்தின் கணக்கையும் பார்ப்போம். முதுகுத் தசைகள் ஜவ்வின் நடுவில் இருந்து சுமார் 5 செ.மீ. பின்னால் இருந்து இழுக்கின்றன. 10 கிலோ வாளியை உடம்பில் இருந்து 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால், அதைச் சமன்செய்யத் தசைகள் 80 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே வாளியை 20 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 40 கிலோ போதும். கடப்பாரையால் கல்லை நெம்பியவர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்ததுதான். பாரம் உடம்போடு ஒட்டி இருந்தால் குறுக்குக்குப் பாதிச் சுமை.

ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், 1960களில் ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். அவர் அளவின்படி நிற்கும்போது 100 என்று வைத்தால், மல்லாந்து படுக்கையில் சுமார் 25. முன்னால் குனிகையில் 150. குனிந்தபடி 20 கிலோ பிடிக்கையில் 220. இந்தப் பாரத்தில் பெரும்பங்கு கடைசி இரண்டு அடுக்குகளில் இறங்குகிறது. ஜவ்வு பிதுங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். பிதுங்கிய பகுதி பக்கத்து நரம்பைத் தொட்டால் வலி புட்டம், தொடை வழியாகக் கால்வரை இறங்கும்.

விடியற்காலைக் குறுக்கு

இரவு படுத்திருக்கும்போது ஜவ்வுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. அதனால் காலையில் ஒருவர் மாலையில் இருப்பதைவிட ஒன்றரை செ.மீ. வரை உயரமாக இருப்பார். உப்பிய ஜவ்வை வளைத்தால் அழுத்தம் அதிகம். எழுந்ததும் குனிந்து வாசல் பெருக்குவதும், தொழுவத்தில் சாணி அள்ளுவதும் குறுக்குக்குக் கடினமான வேலை என்பது இதனால்தான். எழுந்த முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்க்கச் சொன்னபோது நாள்பட்ட வலி குறைந்ததாக 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. நம் வீடுகளில் அத்தனை நேரம் தள்ளிப்போட முடியாது. எழுந்து அரை மணி நேரம் நடமாடி, நின்றபடி செய்யும் வேலைகளை முடித்துவிட்டுக் குனியலாம். விளக்குமாற்றுக்கு நீளமான கம்பு கட்டிக்கொள்ளலாம்.

ஒரு கம்பை வைத்துப் பழகலாம்

இடுப்பு மூட்டில் குனிவதைப் பழக ஓர் எளிய வழி உண்டு. நேரான கம்பு ஒன்றை முதுகோடு ஒட்டி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கம்பு பின்தலை, மேல்முதுகு, திருவெலும்பு என மூன்று இடத்தில் தொட வேண்டும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, பின்னால் இருக்கும் திண்ணையில் உட்காரப் போவது போலப் புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். மூன்று இடமும் கம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் குனிவது தொடைச்சந்து. கம்பு திருவெலும்பை விட்டு விலகினால் குனிவது குறுக்கு. தினம் பத்து முறை செய்தால் சில வாரங்களில் உடம்பு பழகிவிடும்.

குட்டைக் கைப்பிடியைத் தடை செய்த ஊர்

எப்படிக் குனிவது என்று தெரிந்தாலும், கையில் இருப்பது ஓரடிக் களைக்கொத்தியாக இருந்தால் யாராலும் குறுக்கைக் காப்பாற்ற முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதற்காக ஒரு வழக்கே நடந்தது. அங்கு லெட்யூஸ் கீரை, சர்க்கரைக் கிழங்குத் தோட்டங்களில் வேலை செய்த மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களுக்கு இரண்டடிக்கும் குறைவான கைப்பிடி உள்ள களைக்கொத்தியைக் கொடுத்தார்கள். அவர்கள் அதை ‘எல் கொர்த்தித்தோ’, அதாவது ‘குட்டையன்’ என்று அழைத்தார்கள். நீளக் கைப்பிடி என்றால் பயிரை வெட்டிவிடுவார்கள் என்பது தோட்டக்காரர்களின் வாதம். குட்டைக் கைப்பிடி என்றால் யார் நிமிர்ந்து நிற்கிறார்கள் என்பது மேற்பார்வையாளருக்குத் தூரத்திலேயே தெரியும் என்பதும் ஒரு வசதியாக இருந்தது.

இந்தக் கருவி முதுகை நிரந்தரமாகக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975இல் மாநில உச்ச நீதிமன்றம் தொழிலாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் குட்டைக் களைக்கொத்தி தடை செய்யப்பட்டது. நீளக் கைப்பிடி வந்ததால் அங்கே கீரைச் சாகுபடி நின்றுவிடவில்லை.

நம் காட்டில் என்ன மாற்றலாம்?

களையெடுப்பு: கைப்பிடியின் உயரம் தரையில் இருந்து நெஞ்சுக்கும் தோளுக்கும் இடைப்பட்டதாக இருந்தால் ஏறத்தாழ நிமிர்ந்தே வேலை செய்யலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மானாவாரி நிலத்துக்கென நட்சத்திர வகை, ஆப்பு வகைக் கைக்களையெடுப்பான்களை உருவாக்கியுள்ளது. நின்றபடி முன்னும் பின்னும் தள்ளினால் போதும். கரிசல் மண் அதிக ஈரத்தில் கருவியில் அப்பிக்கொள்ளும்; காய்ந்தால் கல்லாகிவிடும். பதமான ஈரம் இருக்கும் நாட்களில் ஓட்ட வேண்டும். செடியை ஒட்டிய களையைக் கையால்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆனாலும் குனிகிற நேரம் வெகுவாகக் குறையும்.

கையால் எடுக்கும்போது: இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிமிர்ந்து, இரு கையையும் குறுக்கில் ஊன்றி, மெல்லப் பின்னால் ஐந்து முறை சாய வேண்டும். சிறிது நேரம் குனிந்தும், சிறிது நேரம் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றியும் மாற்றி மாற்றிச் செய்யலாம். குனிந்து நிற்கையில் வேலை செய்யாத கையைத் தொடையில் ஊன்றினால் மேல் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு அந்தக் கை வழியாக இறங்கிவிடும்.

பருத்தி எடுப்பு: மடி நிறைய நிறையப் பாரம் முன்னால் தொங்கும். ஓரிரு கிலோ சேர்ந்ததும் வரப்பில் கொட்டிவிட வேண்டும்.

உர மூட்டை: யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ. இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதே சரி. தனியாகத் தூக்க வேண்டி வந்தால் பாதியைப் பிரித்துக்கொள்ளலாம். மூட்டைகளைத் தரையில் போடாமல் இடுப்பு உயரத் திண்ணையிலோ மேடையிலோ அடுக்கினால், எடுக்கும்போது குனிய வேண்டியதில்லை.

தெளிப்பான்: 16 லிட்டர் கைத்தெளிப்பானில் தண்ணீரே 16 கிலோ. தரையில் இருந்து தூக்கி மாட்டாமல், உயரமான இடத்தில் வைத்துத் தோளில் மாட்ட வேண்டும். பட்டையை இறுக்கி முதுகோடு ஒட்ட வைக்க வேண்டும்.

குடம்: ஒரே பக்க இடுப்பில் வைத்தால் குறுக்கு எப்போதும் ஒரு பக்கமே சாயும். பாதி வழியில் பக்கம் மாற்ற வேண்டும். சும்மாடு வைத்துத் தலையில் சுமப்பதும், தள்ளுவண்டியில் கொண்டுவருவதும் குறுக்குக்கு நல்லது.

கண்மாய், ஊருணி வேலை: சட்டியைக் கைமாற்றும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தைத் திருப்பி அடி எடுத்துவைக்க வேண்டும்.

களை குறைந்தால் குனிவதும் குறையும்

முதுகைக் காக்கும் வேலை கோடை உழவிலேயே தொடங்குகிறது. கோடை மழையில் உழுதுவிட்டால் களை விதைகள் முளைத்து, வெயிலில் காய்ந்து அழியும். கைவிதைப்பை விட்டு வரிசை விதைப்புக்கு மாறுவது அடுத்த படி. மானாவாரிப் பருத்தியில் வரிசைக்கு வரிசை 45 செ.மீ., உளுந்து, பாசியில் 30 செ.மீ. இடைவெளி இருந்தால்தான் கைக்களையெடுப்பானை உள்ளே ஓட்ட முடியும். வீசி விதைத்த காட்டில் எந்தக் கருவியும் நுழையாது. மனித முதுகுதான் வளைய வேண்டும். கருவிகளை நேரில் பார்த்து அறிய அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ, வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தையோ அணுகலாம்.

வலி வந்துவிட்டால்

புதிதாகப் பிடித்துக்கொண்ட வலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். படுத்தே கிடக்கக் கூடாது. ஓரிரு நாள் பாரமான வேலையைக் குறைத்து, முடிந்தவரை நடமாட வேண்டும். மருந்துக்கடையில் பொட்டலமாக வாங்கும் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குவது ஆபத்து. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்கு அவை சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும்.

கீழ்க்கண்ட அறிகுறிகள் இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

• வலி முழங்காலுக்குக் கீழே இறங்கி மரத்துப்போதல். காலில் பலம் குறைந்து செருப்பு தானாகக் கழன்று விழுதல்.
• மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவிலும் தணியாத வலி. முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் அதற்குச் சிகிச்சை இலவசம்.
• விழுந்த பிறகு வந்த வலி, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு.
• சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல், உட்காருமிடம் மரத்துப்போதல். இது அவசரம். அன்றைக்கே 108க்கு அழைத்து மருத்துவமனை சேர வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தர வழி உண்டு. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கல் என்று வந்தால் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?

இல்லை. வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் ஜவ்வு பிதுங்கல் தெரியும். பிதுங்கிய ஜவ்வு பலருக்கு நாளடைவில் சுருங்கிவிடுவதும் உண்டு. காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ, சிறுநீர்ச் சிக்கல் வந்தாலோ அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்கள் கடன் வாங்கும் முன் அரசு மருத்துவமனையில் இன்னொரு கருத்தும் கேட்டுக்கொள்வது நல்லது.

இடுப்பு பெல்ட் போட்டு வேலை செய்யலாமா?

நாள்பட்ட வலிக்கு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம் சொல்லியுள்ளது. உடற்பயிற்சிக்கு அது ஆதரவு தருகிறது. எலும்பு முறிவு போன்றவற்றுக்கு மருத்துவர் சொல்லி அணிவது வேறு.

சுளுக்கு எடுப்பது, முதுகில் மிதிக்கச் சொல்வது சரியா?

எண்ணெய் தேய்த்து இதமாக நீவுவதும் வெந்நீர் ஒத்தடமும் தசைப் பிடிப்புக்கு ஆறுதல் தரும். முதுகில் ஏறி மிதிப்பது வேண்டாம். எலும்பு தேய்ந்தவர்களுக்கும் ஜவ்வு பிதுங்கியவர்களுக்கும் அது கெடுதலில் முடியலாம்.

கட்டாந்தரையில்தான் படுக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. கயிறு தொய்ந்த கட்டில் வேண்டாம். புரண்டு படுக்க வசதியான, குழி விழாத படுக்கை எதுவானாலும் சரி. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொள்ளலாம். எழும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும்.

தினமும் என்ன பயிற்சி செய்யலாம்?

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் புட்டத்தை உயர்த்தி இறக்குவது பத்து முறை. ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கி இழுப்பது ஐந்து முறை. குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்துவது ஐந்து முறை. வேலை முடிந்து வந்ததும் மாலையில் செய்வது நல்லது. எந்தப் பயிற்சியில் வலி காலுக்கு இறங்குகிறதோ அதை நிறுத்திவிட வேண்டும்.

விதைப்புக்கு முன்னால் விதை, உரம் என்று கணக்குப் போடும்போது கைப்பிடிகளையும் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். கொல்லரிடம் களைக்கொத்தியைக் கூர்தீட்டக் கொடுக்கும் அன்றைக்கே, காம்பு மாட்டும் துளையை அகலமாக்கி நெஞ்சுயரக் கம்பு ஒன்றைப் பொருத்தித் தரச் சொல்லலாம். கூலிக்கு ஆள் கூப்பிடுபவர்கள் நிரைக்கு இரண்டு நீளக் கைப்பிடிக் கருவிகளாவது வாங்கி வைத்து, முறை மாற்றிக் கொடுக்கலாம். இன்று களையெடுக்கிறவர்கள் அடுத்த மழைக்கும் காட்டில் இறங்க முடிந்தால்தான் மானாவாரிக் காடு தரிசாகாமல் இருக்கும்.